சுருதிப் பெட்டியை நான் அமர்த்திய மாலை

சென்ற மாதம் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்திருந்தார். வயலின் வாசிப்பவர். இப்போதுதான் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியமாகப் போகத் தொடங்கியிருக்கிறார். பேச்சுக்கு நடுவே தன் கைபேசியை எடுத்துத் தரையில் வைத்தார். அதில் ஒரு முள் ஆடியது. தந்தி சரியான சுருதியில் நின்றால் பச்சை விளக்கு, விலகினால் சிவப்பு. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அழகாக இருந்தது.

"அம்மா, ஒரு சந்தேகம். பாடுறவங்களே விலகிட்டா நாம எந்தப் பக்கம் போறது? இந்த முள்ளு பக்கமா, அவங்க பக்கமா?" என்று கேட்டார்.

காபி கொடுத்து, வேறு பேச்சுப் பேசி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு, நான் வருடக்கணக்காகப் பக்கவாத்தியம் வாசித்த பாடகர் குருசாமி அண்ணன் நினைவாகவே இருந்தது. ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

போடியில் எங்கள் குடும்பத்துக்கு ஏலக்காய்க் கடை. எங்கள் சபையில் ஆராதனைக்கு வயலின் வாசித்த ஆசிரியரிடம் எட்டு வயதில் கற்கத் தொடங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து, தாடைக்குக் கீழே வைத்து வாசிக்கிற முறை. பிறகு மதுரையில் கல்லூரியில் சேர்ந்து, தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிற முறையை முதலிலிருந்து படித்தேன். அந்த வருடங்களை நீட்ட விரும்பவில்லை. எல்லாரும் திட்டு வாங்கினோம், எல்லாரும் அழுதோம், சிலருக்கு வாசிக்க வந்தது.

தொண்ணூற்றாறில் கல்யாணமாகித் தேனிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சாமுவேலுக்குப் பங்களாமேட்டில் நோட்டுப் புத்தகக் கடை. "வாசிக்கப் போறதுன்னா போ. ஆனா எங்கன போறன்னு ஒரு சீட்டுல எழுதி வச்சிட்டுப் போ" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்டதில்லை. அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் இந்தப் பள்ளத்தாக்கின் படமே கிடைத்திருக்கும். ஞாயிறு காலை தேவாலயம். மாலை ஏதாவது கோயில். புதன்கிழமை லோயர் கேம்ப் பள்ளியில் நாட்டிய நிகழ்ச்சிக்கு ஒத்திகை. குமுளியில் மலையாளப் பாட்டுக்காரர் ஒருவருக்கு வாசிக்கப் போனால் அவர் பாதிப் பேச்சு மலையாளத்திலும் பாதி தமிழிலும் சொல்லுவார். பாட்டு மட்டும் முழுசாகப் புரியும். உத்தமபாளையத்தில் ஒரு ராவுத்தர் வீட்டுத் திருமணத்துக்கு மெல்லிசைக் குழுவோடு போனோம். பெண்ணின் வாப்பா என்னிடம் வந்து, "தங்கச்சி, அந்தப் பழைய பாட்ட இன்னொரு தடவ வாசிங்க. பாடவேணாம், வாசிச்சா மட்டும் போதும்" என்று கேட்டு, பந்தி விசாரிப்பதை விட்டுவிட்டு நின்றபடியே கேட்டார்.

இத்தனை வகை வாசிப்புக்குமாக என்னிடம் இரண்டு வயலின்கள் இருந்தன. தேவாலயத்துக்கும் மெல்லிசைக்கும் ஒன்று, கச்சேரிக்கு ஒன்று. இரண்டுக்கும் தந்திகளைக் கூட்டுகிற விதமே வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் பெட்டி மாறிப்போய், போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது பின்னறையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் நான்கு தந்திகளையும் மாற்றிக் கூட்டினேன். அன்றைக்குப் பிரசங்கம் நீளமாக இருந்ததற்காக மனதாரக் கர்த்தருக்கு நன்றி சொன்னது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

குருசாமி அண்ணன் தேனிப் பக்கம் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தவர். நூல் நூற்கும் இயந்திரங்கள் ஓடுகிற பகுதியில் இருபத்தெட்டு வருடம். ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்து, இரண்டு மணி நேரம் சாதகம் செய்வார். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால், மூன்று நான்கு பேர் பெயரைச் சொல்லிவிட்டு, "மிச்சத்த ரேடியோ சொல்லிக் குடுத்துச்சு" என்பார். நல்ல கனத்த குரல். ஒன்றரைக் கட்டை சுருதி. கம்பம் பள்ளத்தாக்கில் கோயில் திருவிழா என்றால் ஒரு நாளாவது அவர் கச்சேரி இருக்கும்.

முதல்முறை அவருக்கு வாசித்தது குச்சனூரில், ஒரு ஆடிச் சனிக்கிழமை. நான்கு மணிக்குக் கச்சேரி என்றால் அவர் இரண்டு மணிக்கே அங்கே இருந்தார். கும்பிடு போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்காரவில்லை. மேடை ஜமுக்காளத்தை அவரே உதறிப் போட்டார். கூட்டம் உட்காரப்போகிற இடத்தின் கடைசி வரிசைக்கு நடந்து போனார். அங்கிருந்து ஒரு தடவை கை தட்டி, அந்தச் சத்தம் எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தாயி, ஒரு சட்ஜம் குடு" என்றார். கொடுத்தேன். "இன்னொண்ணு, மெதுவா." கொடுத்தேன். திரும்பி வந்து மைக்கை எனக்கு ஒரு சாண் கிட்டே நகர்த்தி வைத்தார். பாடகர்கள் மைக்கைத் தங்கள் பக்கம் நகர்த்துவதைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

என்னென்ன பாடப்போகிறார் என்று எழுதித் தரமாட்டார். ஒரு பாட்டு முடிந்து துண்டால் முகம் துடைக்கிற நேரத்தில், அடுத்த பாட்டின் முதல் வரியைத் துண்டுக்குள் முனகுவார். அது எனக்கான தகவல். மிருதங்கத்துக்கான தகவல் விரலில் வரும். ஆலையில் இயந்திரச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் அங்கே எல்லாருக்கும் ஒரு கைப்பாஷை உண்டு. 'இங்கே வா', 'மெதுவாக ஓட்டு', 'நூல் அறுந்துவிட்டது', எல்லாமே விரல்தான். அதையே மேடையிலும் வைத்துக்கொண்டார். அவரிடம் இருந்த ஒரே ஒரு கட்டளை, "மேடையில மொகத்தச் சுழிக்கக் கூடாது. தப்பு யாருதுன்னாலும் சரி."

அன்றைக்கு மிருதங்கம் பாலு. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ஒட்டுவதற்கு ரவையைப் பிசைந்து உருண்டையாக்கி ஓர் இலையில் பக்கத்தில் வைத்திருந்தார். குச்சனூரில் காகம் என்றால் சனீஸ்வரரின் வாகனம், யாரும் விரட்டமாட்டார்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஒரு காகம் இறங்கி, ரவை உருண்டையைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போனது. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாலு முணுமுணுத்தார்: "ஏலே, அது படையல் இல்லடா, என் தொப்பிக்குப் போடுறது." மடப்பள்ளியில் கேட்டதற்கு அவர்கள் கேசரிக்கு வைத்திருந்த ரவையைக் கொடுத்தார்கள். அது வறுத்த ரவை, ஒட்டவில்லை. பக்தர் ஒருவர் ஓடிப்போய்க் கடையில் வாங்கி வரும்வரை பாலு ஒரு கையாலேயே வாசித்தார். குருசாமி அண்ணன் முகம் சுழிக்கவில்லை. ஆனால் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பில் எனக்குக் கவனம் போயிருக்க வேண்டும். கடைசியில் மோகனத்தில் ஒரு விருத்தம் எடுத்தார். அவர் ஒரு வரி பாட, அதற்கு நான் பதில் வாசிக்க வேண்டும். மோகனத்தில் நிஷாதம் கிடையாது. மேலிருந்து இறங்கி வருகையில் என் விரல் தன்னை மறந்து நிஷாதத்தை அழுத்திவிட்டது. அழுத்தியது மட்டுமில்லை, கொஞ்சம் அசைத்தும் விட்டது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "பேஷ்" என்றார். அடுத்த வரியைக் கல்யாணியில் பாடினார். கல்யாணியில் அந்த நிஷாதம் உண்டு. நான் வாசித்தது தவறு என்றே யாருக்கும் தோன்றவில்லை. ராகத்தை மாற்ற நான் வழிவிட்டதாகத்தான் கூட்டம் நினைத்தது. கீழே இறங்கியதும் ஒரு பெரியவர் என்னிடம், "மோகனத்துலருந்து கல்யாணிக்கு எம்புட்டு நைசா கூட்டிட்டுப் போனீக" என்றார். அண்ணன் பக்கத்தில் நின்று, "ஆமா, நல்ல கை" என்றார்.

அதன் பிறகு பத்து வருடம் போல அவருக்கு வாசித்தேன்.

எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மேடையில் என் பக்கம் அதிகமாக நகர்ந்து உட்கார ஆரம்பித்தார். பாடகருக்கு இடப்பக்கம் வயலின் உட்காருவது வழக்கம். என் வாசிப்பு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். வீட்டில் சாமுவேலிடம் சொல்லியும் இருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, வலது காது அவருக்கு முக்கால்வாசி போயிருந்தது. இடது காதால் கேட்பதற்காக நகர்ந்திருக்கிறார்.

பேச்சில் கண்டுபிடிக்க முடியாது. ஆலைக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். முகம் பார்த்துப் பேசினால் ஒரு வார்த்தை தவறாது. என் பக்கத்தில் இருக்கும் மின்சாரச் சுருதிப் பெட்டியின் சத்தத்தை மட்டும் ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு புள்ளி கூட்டிவைக்கச் சொன்னார்.

அப்படி ஒரு வருடம் ஆவணியில் அவருக்கு வானொலி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. முன்பு இரண்டு தடவை குரல் தேர்வுக்குப் போய்த் திரும்பி வந்தவர். மூன்றாம் தடவை தேர்வாகி, அரைமணி நேரக் கச்சேரி பதிவு செய்ய மார்கழியில் வரச்சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். மடிப்பில் கிழிந்து, சாமுவேல் கடையில் கொண்டுவந்து ஒட்டுத்தாள் போட்டுக்கொண்டு போனார்.

இதற்கு நடுவில் நவராத்திரிக்குக் கம்பத்தில் ஒரு மண்டபத்தில் கச்சேரி. மாலை ஐந்து மணி. முதல் நான்கு பாட்டும் சுத்தமாக இருந்தன. கச்சேரியின் முக்கிய ராகமாகக் காம்போதியை எடுத்தார். மின்சாரம் நின்று, பின்பக்கம் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அண்ணன் மேல் ஸ்தாயிக்குப் போனபோது குரல் போய் உட்கார வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்தது. அரிசி பருமன்தான். பாலு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்படி நேர்ந்தால் பக்கவாத்தியக்காரர் செய்யக்கூடியது என்று சில உண்டு. முதலில், சுருதிக்கு ஆதாரமான சட்ஜத்தையோ பஞ்சமத்தையோ அசைக்காமல் நீளமாகப் பிடிப்பது. பாடுகிறவர் காதில் அது விழும். ஒரு மூச்சில் சரியாகிவிடுவார். பிடித்தேன். அவர் தலையை ஆட்டி ரசித்தார், அதே இடத்தில்தான் நின்றார். அடுத்தது, சுருதிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டுவது. கூட்டினேன். அது கீச்சென்று கத்தியது. அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இறங்கி வந்தபோது குரல் மொத்தமாகவே அரிசி பருமன் கீழே நின்றது. அப்படியே நிலையாக நின்றது என்பதுதான் ஆச்சரியம். ஸ்வரங்களுக்கு இடையே ஒரு குறையும் இல்லை. ஒரு வீட்டை அப்படியே தூக்கி ஒரு அடி தள்ளி வைத்தது போல.

என் முறை வந்தது. அவர் பாடிய ஆலாபனைக்கு நான் பதில் வாசிக்க வேண்டும். பெட்டியோடு சேர்ந்து வாசித்தால் அவர் விலகியிருப்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவரோடு சேர்ந்து வாசித்தால் பெட்டி எங்கள் இருவரையும் காட்டிக்கொடுக்கும். வில்லைத் தந்தியில் வைத்தேன். பிறகு முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியை, வில்லுக்குப் பூசும் ரோஸின் எடுப்பது போலக் குனிந்து அமர்த்திவிட்டேன்.

அந்த அமைதியில் அவர் நின்ற இடத்தைக் காதில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். விரல் வைக்காத வெறுந்தந்தி எதையும் தொட முடியாது. தொட்டால் பழைய சுருதி கேட்டுவிடும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரலால் மட்டுமே, ஒரு மயிரிழை தள்ளி எடுக்க வேண்டும். வருடக்கணக்காக நடந்த வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு, சுவர்களெல்லாம் கொஞ்சம் நகர்ந்திருப்பதாக நினைத்து நடப்பது போன்ற வேலை. பாட்டு தொடங்குவதற்குள் பாலு சின்னக் கல்லை எடுத்து மிருதங்கத்தின் விளிம்பைக் கீழிருந்து மேலாக நான்கு தட்டுத் தட்டிச் சுருதியை இறக்கினார். பாலு மட்டும் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறபோது, அந்தச் சத்தத்தின் மறைவில் நான் தந்தி முறுக்கும் பிரடைகளைத் திருகி நான்கு தந்திகளையும் இறக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தோம். நல்ல காம்போதி. பொய்யில்லாமல் சொல்கிறேன், அதைவிட நல்ல காம்போதியை அவர் பாடி நான் கேட்டதில்லை.

கூட்டம் கை தட்டியது. மாலை போட்டார்கள். அண்ணன் எழுந்திருக்கும்போது சுருதிப் பெட்டியைப் பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் பஸ் ஏறிக் காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். பாலு திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன்கிட்ட நீங்க சொல்லுங்க பாலு. உங்களுக்குத்தான் அவுகளோட பழக்கம் ஜாஸ்தி."

"நான் சொன்னா, 'உன் மிருதங்கத்தைப் போய்ப் பாருடா'ன்னுருவாக. நீங்க சொன்னாத்தான்க்கா கேப்பாக."

"எப்பிடிச் சொல்றது?"

"தெரியல. ஆனா ரேடியோவுல பெட்டிய அமத்த முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆளு ஒக்காந்திருப்பாக."

சொல்ல வேண்டும் என்று தெரிந்தே பதினைந்து நாள் தள்ளிப்போட்டேன். இதை எழுதுகிற இப்போதும் அதற்காக வெட்கப்படுகிறேன். கடைசியில் அவரே வந்தார். ஒரு காலை, சாமுவேல் கடை திறக்கப் போன பிறகு, கையில் பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தாயி, கம்பத்துல பெட்டிய எதுக்கு அமத்துன?"

"சூடாயிருச்சுண்ணே."

"பத்து வருசமா ஓடுற பெட்டி. என்னைக்கும் சூடாகல." என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எறங்கிட்டேனா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எம்புட்டு?"

எழுந்து போய் வயலினை எடுத்து வந்தேன். சட்ஜத்தை வாசித்துவிட்டு, அவர் நின்ற இடத்தை அதற்குப் பக்கத்திலேயே வாசித்துக் காட்டினேன். கீழ் ஸ்தாயியில் வாசித்ததால் வித்தியாசம் அவருக்கு நன்றாகவே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

"பாட்டு முச்சூடும் இங்கனதான் நின்னேனா?"

"ஆமாண்ணே. ஆனா ஒரே எடத்துல நின்னீக. அசையல."

"நீங்க ரெண்டு பேரும் எறங்கி வந்துட்டீக."

"ஆமா."

அவர் சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இவ்வளவு கோபம் வரும் என்றும் நினைக்கவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பாடுறப்ப காப்பாத்துனது சரி. அது ஒன் வேல. எறங்குன ஒடனே சொல்லிருக்கணும்ல? பதினஞ்சு நாளா ஊரெல்லாம் அந்தக் காம்போதியப் பத்திப் பேசுது. நானும் மீசைய முறுக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்கு மட்டும் தெரியாத ஒரு கச்சேரிய நான் பாடியிருக்கேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையின் வாய் வழியே பார்த்திருந்தேன், எனக்காகக் கொண்டுவந்த பன்னீர்த் திராட்சை. அதைக் கொடுக்கவும் இல்லை.

மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. பிறகு ஒரு மதியம் பேச்சியம்மாள் அக்கா சாமுவேல் கடைக்கு வந்து, என்னைக் கூப்பிட்டு விட்டார். குருசாமி அண்ணனின் மனைவி. அதே ஆலையில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவர். கச்சேரிக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருப்பார்.

"காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்" என்றார். "சன்னமான சத்தமெல்லாம் போயிருச்சாம். கனத்த சத்தம் கேக்குதாம். காதுல மிஷின் ஒண்ணு மாட்டி விட்டாக. அத மாட்டிக்கிட்டுப் பெட்டியப் போட்டா, மில்லுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்குன்னு கழட்டி வீசிட்டாக. ரேடியோவுக்கு வரலைன்னு எழுதிப் போடப் போறாகளாம். கார்டு எழுதியாச்சு. நான் இன்னும் தபால்ல போடல." முந்தானையில் செருகியிருந்த அஞ்சலட்டையை எடுத்துக் காட்டினார்.

"என்னக்கா செய்யலாம்?"

"எனக்குப் பாட்டு தெரியாது தாயி. ஆனா ஒண்ணு சொல்றேன். அவுகளுக்குக் கொசு கத்துனா கேக்காது. ரோட்டுல லாரி போனா கேக்குது. இந்தப் பெட்டி கொசு மாதிரில்ல கத்துது? லாரி மாதிரி ஒண்ணு கெடைக்காதா?"

இத்தனை வருடம் படித்த எனக்கு இது தோன்றவில்லை. போடியில் ஒரு பஜனை மடத்தில் பெரிய தம்புரா ஒன்று உறை போட்டு மூலையில் நின்றது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆளுயரம். எங்கள் கடைக்குப் பக்கத்து மடம் என்பதால் அப்பா பெயரைச் சொன்னதும் கொடுத்தார்கள். தந்திகளைப் புதிதாகப் போட்டேன். ஒன்றரைக் கட்டையை விட்டு ஒரு கட்டைக்கு இறக்கிக் கூட்டினேன். நானும் பாலுவும் அதை ஒரு ஆட்டோவில் படுக்கவைத்து அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

அண்ணன் எங்களை வாவென்று சொல்லவில்லை. போவென்றும் சொல்லவில்லை. அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் தம்புராவை நிறுத்தி மீட்டினேன். நான்காவது தந்தி, அந்தக் கனத்த தந்தி, அதிர்ந்தபோது அவர் தலை லேசாகத் திரும்பியது. இன்னொரு சுற்று மீட்டினேன். அவர் வாயைத் திறக்காமல் அதோடு சேர்ந்து முனகினார். சேர்ந்தது. ஊசி முனை கூட நகரவில்லை.

"இத யாரு மீட்டுறது?" என்றார். "நீ வயலின் வாசிக்கணும்."

"நான் மீட்டுறேன்" என்றார் பேச்சியம்மாள் அக்கா.

"ஒனக்கு என்ன தெரியும்?"

"நாலு நூலு. அத ஒண்ணொண்ணாத் தொடணும். இருபது வருசம் முந்நூறு நூலப் பாத்தவளுக்கு நாலு நூலு தெரியாதா?"

பாலு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

மார்கழி வரைக்கும் தினமும் பகலில் ஒத்திகை. அண்ணன் மேல் ஸ்தாயிப் பிரயோகங்களைக் குறைத்தார். அதற்குப் பதில் கீழ் ஸ்தாயியில், முன்பு எட்டிக்கூடப் பார்க்காத இடங்களில் போய் உலாவினார். மேலே போகத்தான் வேண்டும் என்கிற இடங்களில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் விலகினால் நான் பேச்சியம்மாள் அக்காவைப் பார்ப்பேன். அக்கா அவருக்குத் தெரிகிற மாதிரி விரலை மடக்கி, நூல் அறுந்துவிட்டது என்ற ஆலைச் சைகையைக் காட்டுவார். உடனே அண்ணன் கீழே இறங்கிச் சட்ஜத்தைப் பிடித்துக்கொள்வார். முதல் சில நாள் அக்காவுக்குப் பாட்டு பிடித்துப்போய்ச் சைகை காட்ட மறந்துவிடுவார். "நூலப் பாருடி" என்று அண்ணன் கத்துவார்.

பதிவுக்குப் போன அன்று, அக்கா பட்டுச்சேலை கட்டி, தம்புராவை ஒரு பிள்ளையைப் போலப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அப்பால் இருந்த அதிகாரி, எங்கள் சுருதிப் பெட்டி எங்கே என்று கேட்டார். "இவுகதான்" என்று அண்ணன் மனைவியைக் காட்டினார்.

இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு சரணத்தில் மேலே போனவர் விலகினார். என் கண் அக்காவிடம் போனது. அக்காவின் விரல் மடங்கியது. அண்ணன் அதைப் பார்த்தார். ஒத்திகையில் செய்தது போலக் கீழே இறங்கிச் சமாளித்திருக்கலாம். செய்யவில்லை. கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஐயா, நான் சுருதி வெலகிட்டேன். இந்தச் சரணத்த மறுபடி பாடலாமா?" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

இப்படி யாரும் கேட்டு அதிகாரிக்குப் பழக்கம் இல்லை போலும். "எனக்குச் சரியாத்தானே கேட்டுச்சு?" என்றார்.

"எனக்குக் கேக்கல. இவுகளுக்குக் கேட்டுச்சு" என்று எங்களைக் காட்டினார் அண்ணன்.

மறுபடி பாடினார். நன்றாக வந்தது. வெளியே வந்து தேநீர்க் கடையில் நிற்கும்போது, பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். பன்னீர்த் திராட்சை. "அன்னைக்குக் கொண்டாந்தது இல்ல, இது புதுசு" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் அவர் மூன்று வருடம் பாடினார். தம்புராவோடு, ஒரு கட்டைச் சுருதியில். பிறகு ஒரு நாள் போதும் என்று அவராகவே நிறுத்தினார். இரண்டாயிரத்துப் பத்தில் என் இடது கை மோதிர விரல் மடங்க மறுத்தது. நானும் கச்சேரிக்குப் போவதை விட்டேன். தேவாலயத்தில் மட்டும், சுலபமான பாட்டுகளுக்கு, இன்னும் வாசிக்கிறேன்.

அந்த வானொலிப் பதிவு, பாடிய மறுமாதமே, தையில் ஒரு காலை ஒலிபரப்பானது. நானும் சாமுவேலும் பாலுவும் அண்ணன் வீட்டில் இருந்தோம். ஸ்டூலில் வானொலிப் பெட்டி. பக்கத்து வீட்டு ஆலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வாசல்வரை நின்றார்கள். அறிவிப்பாளர் அண்ணனின் பெயரைச் சொல்லி, எங்கள் பெயர்களைச் சொல்லி, கடைசியில் 'தம்புரா, பேச்சியம்மாள்' என்று சொன்னபோது அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் வானொலியைப் பார்த்து உட்காரவில்லை. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னப் பெட்டியில் கீழ் ஸ்தாயி வரும்போது அவர் தலை அசையும். மேலே போனால் அசைவு நின்றுவிடும். கண் மட்டும் அக்காவின் முகத்தில் இருக்கும். மறுபடி பாடிய அந்தச் சரணம் வந்தது. அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணனால் பொறுக்க முடியவில்லை. முன்னால் குனிந்து, அக்காவின் முழங்காலைத் தொட்டு, "ஏத்தா, எப்பிடி இருக்கு?" என்றார்.

அக்கா கண்ணைத் திறக்காமலே அவர் கையைத் தள்ளிவிட்டார்.

"செத்த சும்மா இருங்க. அவுக பாடிக்கிட்டிருக்காக."